94 சென்டிமீட்டர்

பெங்களூரின் கிழக்குப் புறத்தில், ஓர் அடுக்ககத்தின் எட்டாம் தளத்தில் இருக்கிறது அந்த வீடு. கட்டுநர் கொடுத்த வரைபடத்தில் மூன்று படுக்கையறைகளுக்கும் பெயர் எழுதியிருந்தது. பெரியது வீட்டுக்காரர்களுக்கு, அடுத்தது விருந்தினர்களுக்கு. பத்தடிக்குப் பதினோரடியாக இருந்த மூன்றாவது அறையின் நடுவில் 'குழந்தைகள் அறை' என்று அச்சிட்டிருந்தார்கள். வீட்டை வாங்கியபோது அந்தத் தம்பதிக்குக் குழந்தை பிறந்திருக்கவில்லை. "பிள்ளைக்கு முன்னாடியே பிள்ளையோட ரூம் பிறந்துடுச்சு" என்று தந்தை அன்று வேடிக்கையாகச் சொன்னார். அவர் மென்பொருள் துறையில் பணியாற்றுபவர். தாய் ஒரு கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறார்.

'குழந்தைகள் அறை' என்ற தொடர் தமிழுக்குப் புதிது. சமையலறை, பூசையறை, கருவறை ஆகிய சொற்களுக்குப் பின்னால் நெடுங்காலப் புழக்கம் இருக்கிறது. துயிலுக்கான அறையைப் பள்ளியறை என்றார்கள். அது அரசனுக்கோ இறைவனுக்கோ உரியது. 'பள்ளி' என்ற சொல்லுக்கே படுக்கை, துயிலிடம் என்ற பொருள் உண்டு. துறவியர் தங்கிய இடத்தையும் குறித்த அச்சொல், அங்கே கல்வி நடந்ததால் கற்கும் இடத்தையும் குறிக்கலாயிற்று என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ஒரே சொல்லில் உறக்கமும் கல்வியும் கூடி நின்றும், குழந்தை தனியே உறங்குவதற்கான ஓர் அறைக்குத் தமிழில் பெயர் தேவைப்படவில்லை. குழந்தைக்குத் தூளி இருந்தது, தொட்டில் இருந்தது, தாயின் பக்கத்தில் ஒரு பாய் இருந்தது. தூங்கும் இடம் ஆளைப் பொறுத்து அமைந்ததே தவிர, சுவரைப் பொறுத்து அமையவில்லை.

ஐரோப்பாவிலும் இது மிகப் பழைய வழக்கமன்று. பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஃபிலிப் ஆரியெஸ் 1960-இல் வெளியிட்ட நூலில், முற்கால ஐரோப்பிய வீடுகளின் அறைகள் உண்ணவும் உறங்கவும் விருந்தினரைக் காணவும் பொதுவாகப் பயன்பட்டன என்றும், ஒவ்வோர் அறைக்கும் தனிப்பயன் வகுத்த வீடு பின்னாளில்தான் உருவானது என்றும் எழுதினார். குழந்தைப்பருவம் பற்றிய அவருடைய முடிவுகளைப் பின்வந்தோர் பலர் மறுத்திருக்கிறார்கள். ஆயினும், குழந்தையின் அறை இயற்கையாக அமைந்த ஒன்றன்று, அதற்கு ஒரு வரலாறு உண்டு என்ற எண்ணத்தை அவர் நூல் நிலைநிறுத்தியது. அந்த வரலாற்றின் பிற்பகுதி ஒன்று பெங்களூரின் எட்டாம் தளத்தில் நடந்தது.

மகளுக்கு இரண்டரை வயதானபோது அறையை ஒழுங்குசெய்வது என்று முடிவாயிற்று. தாய் பல இரவுகள் கைப்பேசியில் படங்கள் பார்த்தார். வீடு போன்ற கூரைச் சட்டம் வைத்த ஈரடுக்குக் கட்டில், மேகவடிவ விளக்கு, சுவரோடு சேர்ந்த உயரமான புத்தக அலமாரி, ஜன்னலை ஒட்டி மெத்தையிட்ட இருக்கை. அதில் சாய்ந்து படம்பார்க்கும் ஒரு குழந்தை, அதன் முகத்தில் விழும் வெளிச்சம். எல்லாப் படங்களிலும் அந்த வெளிச்சம் ஒரேமாதிரி இருந்தது. அறை வடிவமைப்பாளர் ஒருவர் வந்தார். எந்த நிறம் பிடிக்கும், காடா கடலா விண்வெளியா, எவ்வளவு செலவிட எண்ணம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். ஒரு வாரத்தில் முப்பரிமாணப் படம் வந்தது. தம்பதி மகிழ்ந்தார்கள். ஜன்னல் இருக்கையைக் கேட்டுப் பெற்றவர் தாய்தான். கம்பித்தடுப்பு வேண்டாம், வெளிப்பார்வை கெட்டுவிடும் என்றவர் தந்தை. எனவே பின்னர் நடந்ததற்கு வடிவமைப்பாளரை மட்டும் குற்றம்சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை.

அறை முடிந்த நாளில் படமெடுத்து உறவினர்களுக்கு அனுப்பினார்கள். பாராட்டுகள் வந்தன. இரவில் குழந்தை வழக்கம்போல் பெற்றோரின் கட்டிலில், இருவருக்கும் நடுவில், தந்தையின் விலாவில் ஒரு காலைப் போட்டுக்கொண்டு தூங்கினாள். புதிய அறை பகலில் விளையாடும் இடமாயிற்று.

மூன்று வயது நிறைந்து சில நாள் கழிந்த ஒரு சனிக்கிழமைக் காலை. தாய் சமையலறையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். அறையிலிருந்து பேச்சுக்குரல் கேட்டுக்கொண்டே இருந்தது; குழந்தை பொம்மையோடு பேசுகிறாள் என்று எண்ணினார். தட்டோடு உள்ளே போனபோது குழந்தை ஜன்னல் இருக்கையின் மெத்தைமேல் நின்றிருந்தாள். கண்ணாடிக் கதவு ஒருபுறம் தள்ளியிருந்தது. கொசுவலைக் கதவின்மேல் இரண்டு உள்ளங்கைகளையும் நெற்றியையும் பதித்து, கீழே தோட்டத்தில் இருந்த ஒரு பூனையோடு பேசிக்கொண்டிருந்தாள். வலை அவள் நெற்றி பதிந்த இடத்தில் வெளிப்புறமாகப் புடைத்திருந்தது.

தாய் கத்தவில்லை. கத்தினால் குழந்தை திடுக்கிட்டுத் திரும்புவாள் என்று அந்தக் கணத்தில் தோன்றியதாகப் பிறகு சொன்னார். தட்டைத் தரையில் வைத்துவிட்டு, "பூனை என்ன சொல்லுது?" என்று கேட்டபடியே நடந்துபோய் இடுப்பில் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டார். "அது என்னைக் கீழே வரச் சொல்லுதும்மா" என்றாள் மகள். தாயால் அன்று மாலைவரை வேறெதுவும் பேச முடியவில்லை.

மறுநாள் தந்தை அளவு நாடாவோடு அறைக்குள் போனார். முதலில் ஜன்னலின் அடிச்சுவரை அளந்தார். தரையிலிருந்து 90 சென்டிமீட்டர். தடுப்பூசி அட்டையில் கடைசியாகக் குறித்திருந்த மகளின் உயரம் 94 சென்டிமீட்டர். அடிச்சுவரை மட்டும் வைத்துப் பார்த்தால் அவளுடைய நெற்றிகூட முழுதாக மேலே தெரியாது. ஜன்னலை அமைத்தவர்கள் தவறாக ஒன்றும் செய்துவிடவில்லை. ஆனால் அதன்முன் 45 சென்டிமீட்டர் உயரத்தில் ஓர் இருக்கை வந்துவிட்டது. இருக்கையில் ஏறி நின்றால் சுவரில் எஞ்சுவது 45 சென்டிமீட்டர். மூன்று வயதுக் குழந்தைக்கு அது இடுப்பளவுதான். சிறுகுழந்தையின் உடலில் தலையின் பங்கு பெரியவர்களுடையதைவிட மிக அதிகம். உடலின் எடை மேற்பகுதியில் கூடிநிற்கும். இடுப்பளவுச் சுவரின்மேல் குனியும் பெரியவர் சமாளித்து நிமிர்ந்துவிடுவார். குழந்தையைத் தலையின் எடையே முன்னால் இழுக்கும். கொசுவலை கொசுவைத் தடுக்கச் செய்தது. ஓர் உடலைத் தாங்குவது அதன் வேலையன்று.

அவர் முப்பரிமாணப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். கட்டிலின் நீளம், அலமாரியின் ஆழம், இருக்கையின் உயரம் எல்லாம் மில்லிமீட்டர் கணக்கில் இருந்தன. குழந்தையின் உயரம் எங்குமில்லை. வடிவமைப்பாளர் கேட்கவில்லை, எண்களையே தொழிலாகக் கொண்ட தாய்க்கும் சொல்லத் தோன்றவில்லை.

அடுத்து அவர் கட்டிலுக்குப் போனார். மேலடுக்கின் பலகை ஐந்தடி உயரம். மெத்தையோடு சேர்த்தால் சுமார் 165 சென்டிமீட்டர். அதன்மேல் நின்று கையைத் தூக்கினால் மகளின் விரல்நுனி 275 சென்டிமீட்டரைத் தாண்டும். மின்விசிறியின் இறக்கை 260-இல் சுழன்றுகொண்டிருந்தது. பத்தடி அகல அறையின் நடுவில் தொங்கும் நாலடி விசிறியின் இறக்கைநுனி, மூன்றடி அகலக் கட்டிலின் வெளிவிளிம்புக்கு ஏறத்தாழ நேர்மேலே வந்தது. அவர் நாடாவைப் பிடித்தபடி சிறிதுநேரம் அப்படியே நின்றுவிட்டார்.

அந்தக் கட்டிலின் மூலப்படத்தைத் தாய் கைப்பேசியில் தேடி எடுத்தார். படத்தில் மின்விசிறியே இல்லை. பின்னர் சேமித்துவைத்த மற்ற படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். எதிலும் விசிறி இல்லை, கொசுவலை இல்லை, கம்பித்தடுப்பு இல்லை, கதவில் தாழ்ப்பாள் இல்லை. அவை குளிர்நாடுகளின் அறைகள். ஜன்னல் ஆண்டின் பெரும்பகுதி மூடியிருக்கும். வெப்பமூட்டி சுவரோரம் இருக்கும். அந்த அறைகளின் வடிவம் கடல்தாண்டி வந்துவிட்டது. அங்கே அவற்றைச் சூழ்ந்திருக்கும் எச்சரிக்கைகள் உடன்வரவில்லை. இங்குள்ள காற்றுக்கும் கொசுவுக்கும் ஏற்ப யாரும் அவற்றைத் திருத்தவுமில்லை.

எச்சரிக்கைகள் அங்கேயும் எளிதில் வந்துவிடவில்லை. ஈரடுக்குக் கட்டிலின் மேல்தளத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் படுக்கவைக்கக் கூடாது என்று அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் அறிவுறுத்துகிறது. தடுப்புச் சட்டங்களின் இடைவெளி மூன்றரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. அதைவிட அகலமானால் உடல் நுழைந்துவிடும், தலை சிக்கிக்கொள்ளும். இழுப்பறைப் பெட்டிகளின் கதை இன்னும் துயரமானது. குழந்தை கீழ் இழுப்பறைகளை வெளியே இழுத்துப் படியாக்கி ஏறும். இழுப்பறைகள் வெளியே வந்ததும் பெட்டியின் எடை முன்பக்கம் சாயும். குழந்தையின் எடையும் சேர்ந்தால் முழுப்பெட்டியும் அதன்மேல் கவிழும். குழந்தைகள் இறந்த பிறகு, 2016-இல் அங்கே ஒரே நிறுவனத்தின் ஏறத்தாழ 2.9 கோடிப் பெட்டிகள் திரும்பப் பெறப்பட்டன. கவிழாத மரச்சாமான் வேண்டும் என்ற கட்டாயச் சட்டம் 2022 டிசம்பரில்தான் வந்தது. இத்தகைய விதிகளில் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஏதோ ஒரு வீட்டின் இழப்பு இருக்கிறது.

இந்தியாவில் குழந்தையின் அறையைத் தொடும் விதிகள் சில உண்டு. வீட்டுப் பயன்பாட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. குழந்தையின் மூளையைத் தாக்கும் ஈயத்தில் தீங்கற்ற அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். புதிய பூச்சு வாங்குவோருக்கு அவ்விதி ஓரளவு காப்பு. பழைய வீட்டின் கதவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதுப்பிப்பவர்களுக்கு அது உதவாது. தேய்க்கும்போது எழும் பழைய பூச்சின் தூசிதான் ஆபத்து. ஒட்டுப்பலகைகளின் பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகுப்பில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் சேர்த்தது. புதுமர வாசனை என்று பலரும் மகிழ்ந்து முகர்வதில் அதுவும் கலந்திருக்கக்கூடும். குறைந்த கசிவுள்ள பலகையைக் கேட்டு வாங்குவதும், வேலை முடிந்தபின் சில வாரம் ஜன்னலைத் திறந்துபோட்டுவிட்டுப் பிறகே குழந்தையை உள்ளே விடுவதும் செலவில்லாத, அல்லது சிறுசெலவில் முடிகிற காப்புகள். அந்த வீட்டில் வேலை முடிந்த அன்று மாலையே குழந்தையை உள்ளே நிறுத்திப் படமெடுத்திருந்தார்கள்.

அறையைத் திருத்தும் வேலைக்கு ராஜஸ்தானைச் சேர்ந்த தச்சர் ஒருவர் வந்தார். கட்டிலைக் கழற்றவேண்டும் என்றதும் அவர் முகம் சுருங்கியது. நான்கு மாதத்துக்குமுன் அதைப் பூட்டியவர் அவரே. காரணத்தைச் சொன்னார்கள். அவர் விசிறியை நிமிர்ந்து பார்த்துவிட்டு, வரைபடத்தில் எப்படி இருந்ததோ அப்படித்தான் செய்தேன் என்று இந்தியில் சொன்னார். சற்றுநேரம் கழித்து, ஊரிலிருக்கும் தம் பிள்ளைகள் கயிற்றுக் கட்டிலில் தூங்குகிறார்கள், விழுந்தாலும் ஒன்றரை அடிதான் என்றார்.

ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் 1907 ஜனவரியில் மரியா மாண்டிசோரி தொடங்கிய 'குழந்தைகள் இல்ல'த்தின் அடிப்படையும் இத்தகைய அளவுதான். மருத்துவரான அவர் குழந்தையின் உடலிலிருந்து தொடங்கினார். பெரியவர்களின் நாற்காலியில் கால் தொங்க உட்காரும் குழந்தைக்கு அந்த உலகம் தன்னுடையதன்று என்பதே முதல் பாடமாகிறது என்று கண்டு, அதன் கையால் நகர்த்தக்கூடிய எடையில், அதன் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் பொருள்களைச் செய்வித்தார். தானே ஏறி இறங்கக்கூடிய தாழ்ந்த படுக்கையை வலியுறுத்தினார். 1939-இல் இந்தியா வந்து சென்னை அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கினார். தரையில் பாய்விரித்துத் தூங்கும் குழந்தைகளை அவர் இங்கே கண்டிருப்பார். இன்று அவர் பெயரால் விற்கும் தரைக்கட்டிலின் விலையைக் கேட்டு, கும்பகோணத்திலிருந்து வந்திருந்த பாட்டி, "பாய்க்கு நாலு பக்கமும் சட்டம் அடிச்சா இவ்வளவா?" என்றார். மருமகன் அதை வாங்கவில்லை. பழைய கட்டிலின் மரத்திலேயே ஓரடி உயரத்தில் ஒரு கட்டிலைத் தச்சர் செய்துகொடுத்தார்.

மற்ற மாற்றங்கள் இரண்டு வாரத்தில் முடிந்தன. ஜன்னல் இருக்கையை எடுத்தார்கள். அந்தச் சுவரோரம் ஏறக்கூடிய எதுவும் இருக்கலாகாது என்று முடிவாயிற்று. உயரமான அலமாரியை இரும்புத் தகட்டால் சுவரோடு பிணைத்தார்கள். கனமான புத்தகங்கள் கீழ்த்தட்டுக்கு இறங்கின. குழந்தை விரும்புவது எதுவும் மேலே இருந்தால் அதுவே ஏறத்தூண்டும் என்று தாய் பொம்மைகளையும் இறக்கினார். ஜன்னல்திரையின் தொங்குகயிறு கழுத்தில் மாட்டும் என்பதால் அது நீங்கி, சாதாரணத் துணித்திரை வந்தது. கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றினார்கள். உள்ளே தாழிட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் அழும் குழந்தையின் கதை அடுக்ககத்தில் ஒவ்வொரு தளத்திலும் இருந்தது.

ஜன்னலுக்குக் கம்பித்தடுப்பு போடுவதில்தான் இருவரும் வாதிட்டார்கள். நிலையாகப் பதித்த கம்பி விழுவதைத் தடுக்கும். தீப்பிடித்தால் வெளியேறும் வழியையும் அடைக்கும். ஓர் ஆபத்துக்குச் செய்யும் காப்பு இன்னோர் ஆபத்துக்குக் கதவு திறந்துவிடலாம் என்று தந்தை சொன்னார். முடிவில், ஒரு பகுதி திறக்கக்கூடிய கம்பித்தடுப்பை உட்புறமாகப் பொருத்தினார்கள். அதன் சாவி பெரியவர் கைக்கு எட்டும் ஆணியில், இருட்டிலும் தடவி எடுக்கும் இடத்தில் தொங்குகிறது. விருந்தினர் எவரும் அதை அழகு என்று சொல்லவில்லை.

அழகின் கேள்வி அதோடு முடிந்துவிடவில்லை. ஒரு மாலையில் தாய் அறையின் நடுவில் தரையில் படுத்துப் பார்த்தார். அங்கிருந்து பார்க்கையில் மேகவடிவ விளக்கு வெறும் தட்டையான வெள்ளை அட்டை. உள்ளிருக்கும் மின்குமிழ் நேராகக் கண்ணைக் குத்தியது. நின்று பார்ப்பவருக்குத்தான் அது மேகம். சுவரில் ஒட்டிய யானைகளும் ஒட்டகச்சிவிங்கிகளும் பெரியவர்களின் மார்பு உயரத்தில் வரிசையாகப் போயின. குழந்தையின் கண்மட்டத்தில் இருந்தது ஒன்றுமில்லாத சுவர், ஒரு மின்செருகி, மேசையின் கூர்மூலை. ஆனால் மேசையின் அடிப்பக்கத்தில், தச்சர் பென்சிலால் போட்ட கணக்குகளுக்கு நடுவே, மெழுகுவண்ணத்தில் வரைந்த நான்கு பூனைகள் இருந்தன. மகள் எப்போது வரைந்தாளோ தெரியவில்லை. அந்த அறையில் அவளாகச் செய்த அலங்காரம் அது ஒன்றுதான்.

மின்செருகிக்கு மூடி போட்டார்கள். மேசைமூலையைத் தச்சர் இழைத்து உருட்டிக்கொடுத்தார். விளக்கு சுவரை நோக்கித் திரும்பியது. ஒட்டுப்படங்களைத் தாய் உரித்து, மூன்றடிக்குக் கீழே சுவர்முழுதும் கரும்பலகை வண்ணம் அடிக்கச் செய்தார். வாங்கும்போது டப்பாவில் ஈயத்தின் அளவைப் படித்துப் பார்த்தார். மேசையின் அடிப்பக்கத்தை மட்டும் யாரும் தொடவில்லை.

இரவில் குழந்தை இன்றும் பெற்றோரின் கட்டிலில்தான் தூங்குகிறாள். அதை அவர்கள் தோல்வியாகக் கருதுவதை நிறுத்திவிட்டார்கள். பகல்தூக்கம் அவளுடைய அறையில். சாப்பாட்டுக்குப் பிறகு தானே நடந்துபோய், தானே ஏறிப் படுத்துக்கொள்கிறாள். எழுந்ததும் தானே இறங்கி வருகிறாள். தூக்கிவிடவும் இறக்கிவிடவும் யாரையும் கூப்பிடுவதில்லை.

புதிய அறையின் படத்தை உறவினர்களுக்கு இதுவரை அனுப்பவில்லை. தாய் ஒருமுறை முயன்றார். நின்று எடுத்தால் தாழ்ந்த கட்டிலும் கரும்பலகைச் சுவரும் கம்பிகளும் கிடங்கு போலத் தெரிந்தன. கதவுச்சட்டத்தில் தந்தை பென்சிலால் கோடிழுத்து உயரம் குறிக்கிறார். முதல் கோடு 94. போன வாரம் போட்டது 97. அன்று மாலை அளவு நாடாவோடு மறுபடி ஜன்னலண்டை போய்வந்தார்.